ஊரில் இரண்டாண்டு வேலை: கனடா பி.ஆர்., கிரீன் கார்டு, ஆஸ்திரேலிய பி.ஆர். – எது தாங்கும்?

சென்னையில் இரண்டாண்டு ஒப்பந்த வேலை. கையில் இந்தியப் பாஸ்போர்ட்டும் வெளிநாட்டு நிரந்தர வசிப்புரிமையும் (பி.ஆர்.; அமெரிக்காவில் கிரீன் கார்டு). இங்கே வேலை பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சிக்கல் திரும்பிப் போகும்போதுதான். கனடா நாட்களை எண்ணும். அமெரிக்கா உங்கள் எண்ணத்தைப் பார்க்கும். ஆஸ்திரேலியாவுக்கு விசாவில் உள்ள தேதிதான் முக்கியம்.

கனடா

ஐந்தாண்டில் 730 நாள் உள்ளே இருக்க வேண்டும். தொடர்ச்சியாக வேண்டியதில்லை. பி.ஆர். கிடைத்து ஐந்தாண்டு ஆகாதவர்களுக்கு, மிச்சமுள்ள காலத்தில் 730ஐ எட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். போய் இறங்கி 150 நாள் இருந்துவிட்டு இரண்டாண்டுக்கு ஊர் வந்தால் தாராளமாகத் தாங்கும். அதே ஒப்பந்தத்தை மூன்றாம் ஆண்டுக்கு நீட்டினால் மிச்சம் ஏறத்தாழ 580 நாள், தேவையும் 580 நாள். அப்புறம் ஒரு வாரக் கல்யாணப் பயணத்துக்குக்கூட இடமிருக்காது.

கனடிய நிறுவனம் முழுநேர ஊழியரைத் தற்காலிகமாக இந்தியாவுக்கு அனுப்பினால் அந்த நாட்களும் கணக்கில் சேரும். முடிந்ததும் கனடாவில் வேலைக்குத் திரும்புவார் என்பது நிறுவனத்தின் கடிதத்தில் இருக்க வேண்டும். சென்னைக் கிளையே நேரடியாக வேலைக்கு எடுத்தால் சேராது. கனடியக் குடியுரிமை பெற்ற கணவனுடனோ மனைவியுடனோ சேர்ந்து வெளியே வாழும் நாட்களும் சேரும்.

பி.ஆர். அட்டை காலாவதியானால் உரிமை போய்விடாது. ஆனால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அங்கே நாள் கணக்கு வெளியே வரும். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு.

அமெரிக்கா

மூன்றில் ஆபத்து அதிகமானது இதுதான். 180 நாளைத் தாண்டி வெளியே இருந்தால், திரும்பும்போது புதிதாக நுழைபவரைப் போல விசாரிக்கலாம். ஓராண்டை எட்டினால் வெறும் கிரீன் கார்டைக் காட்டித் திரும்ப முடியாது. ஐந்து மாதத்துக்கு ஒருமுறை போய்த் தலைகாட்டிவிட்டு வந்தால் போதும் என்பது நம்மவர்களிடையே பரவியிருக்கும் தவறான நம்பிக்கை. குடியிருப்பு இந்தியாவுக்கு மாறிவிட்டது என்று அதிகாரிக்குப் பட்டால் அந்தப் பயணங்களே எதிரான சாட்சியாகும்.

செய்ய வேண்டியது: ஐ-131 படிவத்தில் மறுநுழைவு அனுமதி. விண்ணப்பிக்கும் நாளில் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும், கைரேகையும் அங்கேதான். அதை முடித்துவிட்டுப் புறப்படலாம், ஆவணத்தைத் தூதரகம் வழியாகப் பெற்றுக்கொள்ளலாம். வேலையில் சேரும் தேதியைக் கைரேகைக்குப் பின்னால் தள்ளி வைப்பது புத்திசாலித்தனம். பெரும்பாலும் இரண்டாண்டுக்குத் தருவார்கள். நீட்டிக்க முடியாது, இன்னொன்று வேண்டுமானால் திரும்பிப் போய்ப் புதிதாகக் கேட்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஓராண்டைத் தாண்டியவருக்கு, திரும்பி வரும் வசிப்பவருக்கான எஸ்பி-1 விசாதான் முக்கிய வழி. தம் கையை மீறிய காரணத்தால் தங்க நேர்ந்ததென்று நிரூபிக்க வேண்டும். ‘வேலை நீண்டுவிட்டது’ என்பது அதற்கு எடுபடுவது கடினம்.

வரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். சென்னைச் சம்பளத்தையும் அமெரிக்க வரிக் கணக்கில் காட்ட வேண்டும். வரியை மிச்சப்படுத்த ‘வசிக்காதவர்’ என்று தாக்கல் செய்தால், வசிப்பைக் கைவிட்டதற்கு நீங்களே எழுதிக்கொடுத்தது போலாகும். இந்திய வங்கிக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒருநாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் (வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை) தாக்கலும் கட்டாயம். விமான நிலையத்தில் அதிகாரி, கிரீன் கார்டைக் கைவிடுவதற்கான ஐ-407 படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போட்டே தீர வேண்டியதில்லை. குடிவரவு நீதிபதி முன் விசாரணை கேட்கலாம்.

ஆஸ்திரேலியா

வசிப்புரிமைக்குக் காலவரம்பு இல்லை. போய்வரும் உரிமைக்குத்தான் பொதுவாக ஐந்தாண்டு. அந்தத் தேதிக்குள் திரும்பிவிட்டால் நாள் கணக்கை யாரும் கேட்கமாட்டார்கள். வெளியே இருக்கும்போது தேதி முடிந்தால் 155 வகை மறுவருகை விசா வேண்டும். கடந்த ஐந்தாண்டில் இரண்டாண்டு உள்ளே இருந்திருந்தால் மீண்டும் ஐந்தாண்டு கிடைக்கும். இல்லையேல் வேலை, தொழில், குடும்பம் என்று வலுவான தொடர்பைக் காட்ட வேண்டும். அப்போது அதிகபட்சம் ஓராண்டுதான். காலாவதி நெருங்கியிருந்தால் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள்.

இரண்டாண்டு வேலைக்கு மட்டும் என்றால் ஆஸ்திரேலியாவுக்கே முதலிடம், நாள் கையிருப்பு இருந்தால் கனடா அடுத்தது. குடியுரிமைதான் குறி என்றால் மூன்றிலும் அடி விழும். கனடாவில் ஐந்தாண்டில் 1,095 நாள் தேவை. நிறுவனம் அனுப்பிய நாட்கள் பி.ஆருக்குச் சேர்ந்தாலும் இதற்குச் சேராது. ஆஸ்திரேலியா நான்காண்டில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் ஏற்காது. அமெரிக்காவில் ஓராண்டு வெளியே இருந்தால் தொடர் வசிப்பு அறுந்துவிடும். மறுநுழைவு அனுமதி அதைக் காப்பாற்றாது. அதற்கு என்-470 என்ற தனி விண்ணப்பம் உண்டு; எல்லா வேலைக்கும் பொருந்தாது.

இந்தியப் பக்கம் ஒன்று மறந்துபோகும்: வேலைக்காக ஊர் திரும்பியவுடன் என்.ஆர்.இ. கணக்கை (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) சாதாரண வசிப்பவர் கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும்.