கோவை வானொலிக்கு எந்த செட்? பிடிப்பும் குரலும்: ஓர் ஒப்பீடு

தோட்டத்துச் சாளையிலும் தறிக்குடோனிலும் இன்றைக்கும் 999 கிலோஹெர்ட்சில் கோவை வானொலியைக் கேட்பவர்கள் கொங்கு நாட்டில் உண்டு. பழைய செட் ஓய்ந்ததும் அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எது நல்லாப் புடிக்குதுங்க?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மெல்லிய அலையைப் பிடித்து, பக்கத்து நிலையத்திலிருந்து பிரித்துக் கொடுப்பது ஒரு திறமை. பிடித்த குரலை மணிக்கணக்கில் காது வலிக்காமல் கேட்கும்படி கொடுப்பது வேறொரு திறமை. கடைகளில் கிடைக்கும் செட்களில் இந்த இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

நான்கு செட்களை எடுத்துக்கொள்கிறேன். பேனசோனிக் ஆர்எஃப்-562டி, பெரிய ஸ்பீக்கரும் முள் நகரும் டயலும் உள்ள பழைய பாணி செட். டெக்சன் பிஎல்-380, கையில் அடங்கும் டிஜிட்டல் செட். எக்ஸ்ஹெச்டேட்டா டி-808 அதைவிடச் சற்றுப் பெரியது, எஸ்எஸ்பி (அலையின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக் கேட்கும் முறை) வசதி உள்ளது. நான்காவது சோனி ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர். 2001-இல் வந்த இந்த மாடலின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. ஆனாலும் வானொலி நேயர்கள் பழையதைத் தேடி வாங்குகிறார்கள்.

செட்களுக்குப் போகும் முன் நம் ஊர் நிலைமையைச் சொல்லியாக வேண்டும். கோவையின் 999 இருப்பது மத்திய அலையில் (மீடியம் வேவ்). பகலில் இந்த அலை தரையைத் தொட்டபடி வருகிறது. ஈரமான டெல்டா மண் அதை நன்றாகக் கடத்தும். நம்முடைய காய்ந்த செம்மண்ணும் பாறையும் அந்த அளவுக்குக் கடத்தாது. அதனால் கோவையிலிருந்து தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் போகப் போக 999 மெலிகிறது. அலை மெலிந்தாலும் காதால் பின்தொடரலாம். கூட வரும் இரைச்சல்தான் கேட்கவிடாது. எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் எல்லாம் மத்திய அலையில் ஒரு உறுமலைக் கிளப்புகின்றன. சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்கூடங்களில் கேட்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் நான்கு செட்களுக்கும் பொதுவான ஓர் ஆயுதம் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஃபெரைட் ராடுதான் மத்திய அலைக்கு ஆன்டெனா. மேலே இழுக்கும் கம்பிக்கு இதில் வேலை கிடையாது. ராடு தன் பக்கவாட்டிலிருந்து வரும் அலையை நன்றாக வாங்கும். அதன் நுனி நேராகப் பார்க்கும் திசையிலிருந்து வருவதை ஏறக்குறைய வாங்காது. செட்டை மேசையில் வைத்து மெதுவாகத் திருப்பினால் உறுமல் அடங்கும் ஒரு கோணம் கிடைக்கும். நிலையமும் அதே திசையில் இருந்தால் மட்டும் இந்த வழி உதவாது. விலை உயர்ந்த செட்டைத் தப்பான கோணத்தில் வைப்பதைவிட சாதா செட்டைச் சரியாகத் திருப்பி வைப்பது மேல்.

சரி, பகலில் கோவை வானொலி மட்டும் போதும் என்பவருக்கு பேனசோனிக்தான் என் தேர்வு, அதில் எனக்குத் தயக்கமே இல்லை. 10 செ.மீ. ஸ்பீக்கரும் அதைச் சுற்றியுள்ள பெட்டியும் ஆண் குரலுக்குக் கொடுக்கும் கனம் சின்ன செட்களில் வராது. வேளாண் நிகழ்ச்சியில் பேசுபவரின் குரலைக் கொஞ்சம் தள்ளி நின்று வேலை செய்தபடியே புரிந்துகொள்ளலாம். நாதஸ்வரமோ வயலினோ வந்தாலும் ஒலி சுருங்கிப் போகாது. ஆனால் இது அக்கம்பக்கத்து நிலையங்களைக் கறாராகப் பிரிக்காது. பகலில் 999-ஐச் சுற்றி வேறு யாரும் இல்லாததால் அந்தக் குறை தெரிவதில்லை, இராத்திரியில் தெரியும்.

சூரியன் மறைந்ததும் வானத்தில் அலையை விழுங்கிக்கொண்டிருந்த அடுக்கு கலைந்துவிடும். அதற்கு மேலே உள்ள அடுக்கு மத்திய அலையைத் திருப்பி அனுப்பும். சென்னையின் 720, திருச்சியின் 936, இலங்கைப் புத்தளத்திலிருந்து வரும் 882 எல்லாம் வரிசை கட்டி வரும் நேரம் அது. நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. திருச்சியின் 936-க்கு ஒரு படி கீழே 927-இல் விசாகப்பட்டினம். வேண்டிய நிலையத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி செட்டில் அகலமாக இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, பின்னணியில் புரியாத பேச்சும் கீச்சொலியும் ஓடும்.

இங்கேதான் டிஜிட்டல் செட்கள் முந்துகின்றன. பிஎல்-380-இல் வடிகட்டிக்கு 6 முதல் 1 கிலோஹெர்ட்ஸ் வரை ஐந்து அகலங்களைத் தேர்ந்தெடுக்கலாம். டி-808-இல் இன்னும் நுணுக்கமாக 6, 4, 3, 2.5, 2, 1.8, 1 என ஏழு. பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் 6-இல் வைத்தால் குரல் திறந்து கேட்கும். நெரிசலில் 3-க்கோ 2.5-க்கோ இறக்கினால் பக்கத்து நிலையம் காணாமல் போகும். கூடவே ச, ஷ ஒலிகளின் கூர்மையும் மழுங்கும். 1-க்கு இறக்கினால் கம்பளிக்குள் இருந்து பேசுவதுபோல ஆகிவிடும். எந்த நிலையம் என்று அடையாளம் காண மட்டுமே அது உதவும்.

பிடிப்பில் டி-808-க்கு முதலிடம் கொடுப்பேன். பிஎல்-380-ம் அளவுக்கு மீறிய திறமைசாலி. ஆனால் இந்த இரண்டு டிஜிட்டல் செட்களிலும் உள்ள வகை சிப்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: அலை மெலிந்தால் ஒலியைத் தாங்களாகவே தணித்துவிடும். இரைச்சல் காதைத் துளைக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு. ஆனால் அலை ஏறி இறங்கும் இராத்திரியில், செய்தி வாசிப்பவர் வாக்கியத்தின் நடுவில் தூரம் போய்த் திரும்பி வருவார். பழைய செட்டில் இரைச்சல் ஏறினாலும் குரல் அந்த இரைச்சலுக்குள்ளேயே இருக்கும். நம் காது அதைத் தேடி எடுத்துக்கொள்ளும். நிலையத்தின் பெயர் தெரிந்தால் போதும் என்பவருக்கு இது பொருட்டல்ல. முழு நிகழ்ச்சியையும் கேட்க நினைப்பவருக்கு இது பெரிய குறை.

சோனியின் பெருமை இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிப்பதில் இருக்கிறது. நிலையம் அனுப்பும் அலையில் நடுவே ஒரு நடு அலையும், அதன் மேல் பக்கத்திலும் கீழ்ப் பக்கத்திலும் ஒரே குரலும் இருக்கும். தொலைவிலிருந்து வரும் அலை பல வழிகளில் வந்து சேரும்போது அந்த நடு அலை மட்டும் சில நொடிகள் மடிந்துபோகும். அப்போதுதான் குரல் கரகரவென்று சிதைகிறது. சோனியில் உள்ள சின்க்ரனஸ் டிடெக்ஷன் அந்த நடு அலையைச் செட்டுக்குள்ளேயே உருவாக்கி ஈடு செய்கிறது. மேல் பக்கம், கீழ்ப் பக்கம் இரண்டில் சுத்தமானதை மட்டும் கேட்கவும் விடுகிறது. 936-ஐக் கேட்கும்போது 927 தொல்லை கொடுத்தால் மேல் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். வடிகட்டியைச் சுருக்கிக் குரலை மழுக்க வேண்டியதில்லை. வானொலி நாடகத்தை இராத்திரியில் கேட்க இந்த நான்கில் இதற்கு இணையில்லை என்பது என் தீர்ப்பு. ஸ்பீக்கர் மட்டும் சுமார்தான், நல்ல ஹெட்போன் வேண்டும்.

சோனி கிடைக்காதவர்கள் டி-808-இல் ஒரு மாற்று வழியைச் செய்து பார்க்கலாம். எஸ்எஸ்பிக்கு மாற்றி, 10 ஹெர்ட்ஸ் படிகளில் நகர்த்தி, விசில் சத்தம் முழுவதும் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இதுவும் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து நடு அலையைத் தானே போட்டுக்கொள்ளும் முறைதான். பேச்சு நன்றாகத் தெளியும். பாட்டுக்கு இது ஒத்துவராது; சில ஹெர்ட்ஸ் பிசகினாலே சுருதி விலகிவிடும்.

பண்பலையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கோவை ரெயின்போ 103, கொடைக்கானல் 100.5 இரண்டையும் நான்குமே கொடுத்துவிடும். கொடைக்கானல் மெலிதாக வரும் ஊர்களில் டிஜிட்டல் செட்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பலம்.

பேட்டரி விஷயத்தில் பிஎல்-380-க்கு மூன்று பென்சில் செல், சோனிக்கு நான்கு. இரண்டையும் எந்த மளிகைக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். டி-808-இல் 18650 வகை ஒற்றை பேட்டரி, யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும். சார்ஜரைச் செருகியபடி மத்திய அலையைக் கேட்காதீர்கள். அந்த சார்ஜரே இரைச்சலைக் கொண்டுவந்துவிடும்.

அப்புறம், டிஜிட்டல் செட் கைக்கு வந்தவுடன் மத்திய அலையின் படியை 9 கிலோஹெர்ட்சுக்கு மாற்றுங்கள். அமெரிக்காவுக்கான 10-இல் இருந்தால் தானாகத் தேடும்போது 990-க்கும் 1000-க்கும் தாவிவிடும், 999-இல் நிற்காது. நம் பக்கத்து நிலையங்கள் எல்லாமே 9-இன் மடங்குகள்: 720, 936, 999. செட் சரியான படியில் இருக்கிறதா என்று பார்க்க இந்த மூன்று எண்களில் அது நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.