மாமரத்தடியில் மூன்று வருடமாக எங்கள் கேரவன்

நங்கநல்லூரில் எங்கள் வீட்டை ஒட்டிய காலியிடத்தில்தான் கேரவன் நிற்கிறது. 2022-ல் பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, சின்ன சமையல் மேடை, கூரையில் சோலார் என்று மாற்றினோம். மாதத்தில் நாலு நாள் வெளியே போனால் பெரிது. மற்ற நாளெல்லாம் பக்கத்து வீட்டு மாமரத்தடிதான்.

தை பிறந்து மரம் பூத்ததும் கூரை முழுக்கப் பிசுக்கு. மாம்பால்தான் சொட்டுகிறது என்று முதல் வருடம் நினைத்தேன். ஒரு பூங்கொத்தை உலுக்கியதும் சடசடவென்று தத்துப்பூச்சிகள் தெறித்தன. சாற்றை உறிஞ்சிவிட்டு, மிஞ்சிய சர்க்கரையைத் துளித்துளியாக இவைதான் கழிக்கின்றன. அந்த இனிப்புக்கு டயர் வழியாக எறும்பு வரிசை கட்டும். துடைக்காமல் விட்டால் மேலே கரும்பூசணம் படரும். பேட்டரி ஏன் ஏறவில்லை என்று வயரிங்கை எல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கூரையில் ஏறினேன். சோலார் பலகையில் விரல் ஒட்டிக்கொண்டு, ரேகை அப்படியே பதிந்தது.

முதலில் தார்ப்பாய் போட்டுப் பார்த்தோம். தயவுசெய்து வாங்காதீர்கள். காற்று புகாமல் ஜன்னல் ரப்பரெல்லாம் பூஞ்சை. காற்றில் அடித்து அடித்து விளிம்பில் பெயிண்ட் தேய்ந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கிழிந்து போனது, வருத்தமே இல்லை.

அப்புறம் வெயிலில் 75 சதவீதத்தைத் தடுக்கும் நிழல்வலை. இரும்புக் குழாய்ச் சட்டம் அடித்து, கூரைக்கு ஒன்றரை அடி மேலே சரிவாகக் கட்டினோம். இலை, பூ, பிஞ்சு எல்லாம் வலையோடு நின்றுவிடும். பொடித் துளி இறங்கத்தான் செய்யும். அதற்காக மார்கழியில் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை வண்டியின் உடம்புக்கு மெழுகு பூசுகிறேன். சோலார் கண்ணாடியில் மட்டும் படவிடுவதில்லை. வலைக்கு அடியில் சோலார் பெயருக்குத்தான் வேலை செய்யும் என்பதால் பூக்காலத்தில் பேட்டரிக்கு வீட்டு கரண்ட். பங்குனி கடைசியில் வலையைச் சுருட்டிவிடுவேன்.

ஆனால் வண்டியைக் காப்பாற்றியது தண்ணீர்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை, கூரை சூடு ஆறிய சாயங்காலத்தில், பழைய வேட்டியை நனைத்து விரித்துப் பத்து நிமிடம் விடுவேன். சர்க்கரைதானே, கரைந்துவிடும். துடைத்து அலசினால் போதும். வேப்பமரத்தடியில் நிறுத்தி பிசின் ஒட்டினாலும் இப்படி ஊறித்தான் வரவேண்டும், நகத்தால் சுரண்டினால் பெயிண்டில் கோடு விழும்.

பக்கத்து வீட்டு மாமி, “அந்தக் கிளைய வேணா வெட்டிக்கோப்பா” என்றார். வேண்டாம் மாமி என்றுவிட்டேன். கத்திரி வெயிலிலும் வண்டிக்குள் உட்கார முடிவது அந்தக் கிளையால்தான்.