தனி வாசலா, பொது வாசலா? மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழில்நுட்ப நிறுவனங்கள் திறக்கும் வழிகள்

மாற்றுத்திறனாளிகளை வேலைக்குச் சேர்க்கத் தொழில்நுட்ப நிறுவனங்கள் செய்வதையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். அவர்களுக்கென்றே தனியாக ஓர் ஆள்சேர்ப்புத் திட்டம் நடத்துவது ஒன்று. எல்லோரும் வருகிற அதே விண்ணப்பம், அதே தேர்வு, அதே அலுவலக மென்பொருளை எவரும் பயன்படுத்தும்படி சரிசெய்வது இன்னொன்று. இவற்றோடு, இத்தனை சதவீதம் பேரைச் சேர்த்தாக வேண்டும் என்ற எண்ணிக்கை இலக்கு மூன்றாவதாக உண்டு. நான் இரண்டாவதன் பக்கம். ஆனால் முதலாவது சாதித்ததையும் சொல்லியாக வேண்டும்.

ஜெர்மன் மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி 2013-ல் ஆட்டிசம் உள்ளவர்களுக்கான வேலைத் திட்டத்தைத் தொடங்கியது. டென்மார்க்கில் பிறந்த ஸ்பெஷலிஸ்டெர்னே அமைப்பு அதற்குக் கைகொடுத்தது. 2015-ல் மைக்ரோசாஃப்டும் இதே பாதையில் இறங்கியது. இந்தத் திட்டங்கள் முதலில் கைவைத்தது நேர்காணலில்தான். வழக்கமான நேர்காணல், கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் சட்டென்று பதில் வருகிறதா என்றெல்லாம் பார்க்கும். நிரல் எழுதும் திறமைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அதை எடுத்துவிட்டுச் சில நாட்கள் உட்கார வைத்து வேலையையே செய்யச் சொன்னார்கள். லெகோ ரோபோ செய்யக் கொடுத்து, எப்படி யோசிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். எத்தனையோ நேர்காணல்களில் கழித்துக்கட்டப்பட்டவர்கள் இப்படி உள்ளே வந்தார்கள்.

குறை எங்கே என்றால், அளவில். மொத்த ஊழியர்களில் 1% பேர் என்று எஸ்ஏபி 2020-க்கு வைத்த இலக்கு அந்தக் கெடுவுக்குள் எட்டப்படவில்லை. அப்புறம், இந்த வாசலில் நுழைய உங்கள் நிலையை முதல் நாளே வெளியே சொல்லியாக வேண்டும். பயிற்சி பெற்ற மேலாளரின் கீழ் இருக்கும்வரை எல்லாம் நன்றாக நடக்கும். வேறு குழுவுக்கு மாறியதும் பழைய கதை திரும்பிவிடலாம். பார்வையற்ற ஒரு நிரலாளருக்கோ, கைகளை அசைக்க முடியாத ஒரு வடிவமைப்பாளருக்கோ இந்தத் திட்டத்தால் நேரடியாக எந்தப் பயனும் இல்லை.

சரி, பொது வாசலுக்கு வருவோம். பார்வையற்றவர் ஒருவர், திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடர் துணையோடு இணையவழி நிரல் தேர்வு எழுதுகிறார் என்று வையுங்கள். பக்கத்தில் ஒரு பொத்தானிலிருந்து அடுத்ததற்குப் போக அவர் பெரும்பாலும் நம்பியிருப்பது டேப் விசையைத்தான். தேர்வுப் பக்கத்தின் நிரல் பெட்டிக்குள் நுழைந்ததும் அதே விசை நாலு இடைவெளியைப் போட்டுவிட்டு அங்கேயே நிற்கிறது. பெட்டியை விட்டு வெளியே வர வழியில்லை. சமர்ப்பிக்கும் பொத்தானுக்குப் பெயர் வைக்காததால், காதில் "பொத்தான், பொத்தான்" என்று மட்டும் விழுகிறது. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. விடை தெரிந்தும் தோற்றுப்போகிறார். நிறுவனத்தின் கணக்கில் அவர் "தேர்ச்சி பெறாதவர்". நிறுவனத்தின் முகப்பில் சக்கர நாற்காலிப் படம் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன?

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகும் என்ற பயம் தேவையற்றது. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசமாகவே கிடைக்கிறது. 2006-ல் அதை உருவாக்கத் தொடங்கியவர் பார்வையற்ற ஓர் ஆஸ்திரேலியர். அமெரிக்காவில் முதலாளிகளிடம் தொடர்ந்து நடத்தப்படும் ஆய்வு ஒன்றில், செய்துதரப்பட்ட வசதிகளில் ஏறக்குறைய பாதிக்கு ஒரு காசுகூடச் செலவாகவில்லை என்றே தெரிகிறது. மீதியில் முக்கியம், பணம் யார் கணக்கிலிருந்து போகிறது என்பது. சைகை மொழிபெயர்ப்பாளருக்கான செலவு குழுவின் கணக்கில் விழுந்தால், காது கேளாதவரைச் சேர்க்க மேலாளர் மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். அதே தொகை நிறுவனத்தின் பொது நிதியிலிருந்து வந்தால் அந்தத் தயக்கத்துக்கே இடமில்லை. ஒரு நிறுவனம் இதில் எவ்வளவு அக்கறையாக இருக்கிறது என்று எடைபோட, எனக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தெரியாது.

பொது வாசலிலும் புதிய பூட்டுகள் விழுகின்றன. காணொளி நேர்காணல்களை மென்பொருளே மதிப்பிடும் ஹயர்வியூ நிறுவனம், முகபாவத்தை அலசும் பகுதியைக் கைவிட்டுவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. பக்கவாதத்தால் முகம் ஒருபக்கம் இழுத்துக்கொண்டவரை அப்படி ஒரு மென்பொருள் எப்படி மதிப்பிட்டிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. இத்தகைய கருவிகள் மாற்றுத்திறனாளிகளைச் சட்டத்துக்குப் புறம்பாக வடிகட்டிவிடலாம் என்று 2022 மே மாதம் அமெரிக்க அரசு எச்சரித்தது.

எண்ணிக்கை இலக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜெர்மனியில் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு 5% கட்டாயம். ஜப்பானில் 2024 ஏப்ரலில் அது 2.5% ஆனது. ஆனால் ஜப்பானில் தனியாக ஒரு துணை நிறுவனம் தொடங்கி, அங்கே சேர்த்தவர்களைத் தாய் நிறுவனத்தின் கணக்கில் காட்டவும் வழியுண்டு. எண் நிறைந்துவிடும், பிரதான அலுவலகம் மாறாமலே இருந்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் 2020-ல் தன் அமெரிக்க ஊழியர்களில் 6.1% பேர் தங்களை மாற்றுத்திறனாளிகள் என்று குறிப்பிட்டதாக வெளியிட்டது. இப்படித் தாமாகச் சொல்பவர்களின் எண்ணிக்கை கூடினால், அதில் புதிதாகச் சேர்ந்தவர்களும் இருக்கலாம், பயம் விட்டுச் சொல்லத் துணிந்தவர்களும் இருக்கலாம். இரண்டும் நல்லதுதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

எனக்குப் பெரிதாகப் படுவது சேர்ந்தபின் என்ன ஆகிறார்கள் என்பதே. ஐபிஎம்மில் பணியாற்றிய பார்வையற்ற ஆய்வாளர் சியேகோ அசகாவா, இணையப் பக்கங்களைப் படித்துக்காட்டும் மென்பொருளை 1997-ல் கொண்டுவந்தார். 2009-ல் அந்நிறுவனத்தின் மிக உயர்ந்த தொழில்நுட்பத் தகுதியான 'ஃபெல்லோ' ஆனார். அங்கே எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்பதைவிட, இப்படி எத்தனை பேர் மேலே போனார்கள் என்பதைத்தான் நான் தேடுவேன்.

ஆகவே வேலை தேடுகிறவர்கள் இவற்றைக் கேளுங்கள்: வசதி வேண்டுமென்றால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் கிடைக்கும், பணம் யார் கணக்கு, ஐந்து வருடம் முன்பு சேர்ந்தவர்கள் இன்று எந்தப் பதவியில் இருக்கிறார்கள்? தனித் திட்டம் வழியாகச் சேர்கிறவர்கள் கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: குழு மாறினால் இந்த ஆதரவும் கூட வருமா? இதற்கு மட்டும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.