372 குளிகையின் கணக்கு

முதலில் உதட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடுமையான பருவுக்குக் குளிகை சாப்பிட்ட ஏழு மாதத்தில் வேறு எதையும்விட அதுதான் எனக்கு நன்றாக ஓர்மையில் இருக்கிறது. மருந்து தொடங்கிய பத்தாம் நாள் வாயின் இரண்டு ஓரமும் வெடித்தது. கொட்டாவி விட்டால் ரத்தம். மீன்கறியின் புளி பட்டால் கண்ணில் தண்ணீர். ரப்பர் ஷீட்டுக்குப் பாலை உறையவைக்க ஃபார்மிக் ஆசிட்டைத் தண்ணீரில் கலக்குவோம் அல்லவா, அந்த நெடி முகத்தில் அடித்தால் மிளகாய் தேய்த்த மாதிரி எரியும். மூன்றாவது வாரத்திலிருந்து ஆசிட் கலக்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். வாசலின் டப்பா ஒன்று சட்டைப்பையில், ஒன்று பால் வாளிக்குப் பக்கத்தில், ஒன்று தலையணைக்கு அடியில்.

மருந்தின் பெயர் ஐசோட்ரெட்டினாயின். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. சாதாரணப் பருவுக்குக் கொடுப்பதில்லை. எனக்கு இருந்தது சாதாரணப் பரு இல்லை. தாடையிலும் கழுத்திலும் முதுகிலும் கோலிக்காய் அளவில் கட்டி கட்டியாக, தொட்டால் வலிக்கும், உடைந்தால் குழி விழும். வெள்ளைச் சட்டை போடுவதை 19 வயதில் விட்டவன் நான். இப்போது 24.

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதில் பட்டையைச் சீவிப் பால் எடுப்பேன், நடுவில் வரும் நாளில் இன்னொருவர் தோட்டத்தில் பால்வெட்டு. காலை நாலு மணிக்கு நெற்றியில் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் வெயில் ஏறும்போது முடியும். அந்த ஹெட்லைட்டின் பட்டை உட்காரும் இடத்தில், நெற்றியில் கோடு போட்ட மாதிரி பரு வரும். அது ஏன் என்று அஞ்சு வருடமாக எனக்குப் புரியவில்லை. நாகர்கோவிலில் தோல் டாக்டரம்மா முதல் தடவை பார்த்ததுமே கேட்டார்: "தம்பி, தலையில என்ன கட்டுற?" வியர்வையும் உரசலும் சேர்ந்த பரு அது. பட்டைக்கு அடியில் பருத்தித் துவர்த்தை, அதாவது துண்டை, கட்டச் சொன்னார், தினமும் துவைத்தது. மருந்து தொடங்கும் முன்பே நெற்றி பாதி அடங்கிவிட்டது.

அதற்கு முன்னால் செய்த கூத்தெல்லாம் உண்டு. மஞ்சள், வேப்பிலை, ஒரு ஆசான் கொடுத்த எண்ணெய். எல்லாவற்றையும்விட மோசம், ஒரு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுத்த கிரீம். பெயர் வேண்டாம். மூன்றே நாளில் முகம் பளபளவென்று ஆனது, அம்மா கடைக்காரருக்கு மட்டிப்பழக் குலை கொண்டுபோய்க் கொடுக்கிற அளவுக்குச் சந்தோஷம். நிறுத்தியதும் இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. உள்ளே இருந்தது ஸ்டீராய்டு. அந்த வகைக் கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே மத்திய அரசு சொல்லியாயிற்று. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆளுக்கும் இது தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

டாக்டரம்மா முதலில் டாக்சிசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக்கும் இரவில் பூச ஒரு ஜெல்லும் கொடுத்தார். மூன்று மாதம். முகத்தில் கொஞ்சம் குறைந்தது, முதுகு அசையவில்லை. அப்புறம்தான் இந்தக் குளிகையைப் பற்றிப் பேசினார். டாக்சியை முழுக்க நிறுத்திவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் மூளையைச் சுற்றி அழுத்தம் ஏறும் ஆபத்து உண்டு, தலைவலியோடு கண் மங்கினால் அன்றைக்கே வா என்றார். சத்துக்கென்று வைட்டமின் ஏ மாத்திரை எதுவும் தனியாகப் போடக்கூடாது.

நான் எத்தனையோ டாக்டரைப் பார்த்திருக்கிறேன். உனக்க வேலை என்ன, எத்தனை மணிக்கு எழும்புவாய், என்ன சாப்பிடுவாய், குடிப்பாயா, கல்யாணம் ஆகிவிட்டதா, மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு பருவுக்காக இத்தனை கேள்வி கேட்டவர் இவர்தான். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மாதம் காரணம் சொன்னது.

எடை 62 கிலோ. கிலோவுக்கு 120 மில்லிகிராம் வீதம் மொத்தம் 7,440 உள்ளே போக வேண்டும். முதல் இரண்டு மாதம் தினம் 20 மில்லிகிராம் குளிகை ஒன்று, பிறகு தினம் இரண்டு. ஜூலை ஒன்றாம் தேதி தொடங்கி பிப்ரவரி இரண்டில் முடிந்தது. 372 குளிகை. மருந்து வேலை செய்யும் விதத்தை அவர் சொன்னபோது எனக்கு உடனே பிடிகிடைத்தது: தோலுக்கு அடியில் எண்ணெய் சுரக்கும் பைகளை அது சுருக்கிவிடும். ரப்பரில் சில மரம் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும், எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் சொட்டாது. மரத்துக்கு அது நோய். எனக்க மூஞ்சிக்கு அது வைத்தியம்.

வெறும் வயிற்றில் போட்டால் பாதி வீண். கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பு அதை எடுத்துக்கொள்ளும். நம் வீட்டில் அதற்கா பஞ்சம்? மதியம் தேங்காய் அரைத்த சாளைக்கறியோடு ஒன்று, இரவு ஒன்று. ஆனால் நான் இந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சாயங்காலமும் பொரோட்டாவும் பீஃப் ஃப்ரையும் ஏற்றினேன். இரண்டாவது ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 110லிருந்து 190க்குப் போயிருந்தது. ஈரலும் ரத்தக் கொழுப்பும் பார்க்க மொத்தம் மூன்று தடவை ரத்தம் எடுத்தார்கள். "கொழுப்போடு சாப்பிடுன்னா கொழுப்பையே சாப்பிடுன்னு அர்த்தமா?" என்று டாக்டரம்மா சிரித்தார். பொரோட்டா போயிற்று. கிறிஸ்துமஸ் அன்றைக்கு எல்லோரும் மொட்டைமாடியில் குடிக்க, நான் கையில் நாரங்காய் வெள்ளத்தோடு, அதாவது எலுமிச்சைச் சாறோடு, இருந்தேன்.

இரண்டாவது மாதம்தான் கஷ்டம். தொடங்கிய புதிதில் பரு அதிகமாகும் என்று முன்பே சொல்லியிருந்தார். சொல்லியிருந்தாலும் கண்ணாடியில் பார்க்கும்போது அது ஞாபகத்துக்கு வராது. முதுகில் ஒரே வாரத்தில் ஏழு கட்டி. குனிந்து வெட்டும் வேலையில் இடுப்பு வேறு பிடித்தது, மூட்டுவலியும் தசைவலியும் இந்த மருந்தின் பட்டியலில் உண்டு. "இந்தக் குளிகை வேண்டாம்லே, உள்ளதும் போச்சு" என்று அம்மா அழுதாள். நானும் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மனசு இறங்குகிற மாதிரி இருந்தால் தாமதிக்காமல் கூப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா அம்மாவிடம் தனியாகச் சொல்லியிருந்தார், அம்மா கூப்பிட்டுவிட்டாள். மறுநாளே வரச் சொல்லி அரைமணி நேரம் பேசினார். உறக்கம் எப்படி, சாப்பிடத் தோன்றுகிறதா, வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றியதா என்று நேராகவே கேட்டார். தோன்றவில்லை, வெட்கம்தான் என்றேன். அளவை ஏற்றுவதை இரண்டு வாரம் தள்ளலாமா என்று யோசித்து, ஆகஸ்ட் கடைசியில் அடங்கிவிட்டதால் தள்ளாமலே விட்டார்.

பயந்தது ஒன்று, வந்தது வேறு. இரவுப் பார்வை குறையலாம் என்று சொன்ன நாளிலிருந்து, தினமும் நாலு மணிக்கு முதல் மரத்தில் முந்தைய வெட்டின் கோடு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கத்தியை வைப்பேன். செப்டம்பரில் ஒரு நாள் கோடு தெரியவில்லை. அடுத்த மரத்திலும் மங்கல். கை நடுங்கிவிட்டது. அப்படியே மரத்தடியில் உட்கார்ந்து இனி என்ன வேலைக்குப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அப்பா வந்து எனக்க ஹெட்லைட்டைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். பேட்டரி. கண் காய்ந்து மணல் விழுந்த மாதிரி உறுத்தியது மட்டும் நிஜம், அதற்குச் சொட்டு மருந்து ஊற்றினேன். மூக்கில் இரண்டு தடவை ரத்தம்.

அக்டோபரில் ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கூட்டுக்காரன் கூப்பிட்டான். அவனுக்குத் தெரிந்த ஒருவருக்கு ஆப்பரேஷன், ஓ நெகட்டிவ் வேண்டும். எனக்கு அந்த வகைதான், வருடத்துக்கு இரண்டு தடவையாவது கொடுப்பேன். இந்த மருந்து சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் ரத்தம் கொடுக்கக் கூடாது, அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போனால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. சொன்னேன். "பருவுக்கு மருந்து சாப்பிடுறவன் ரத்தம் குடுக்கப்பிடாதா, மக்கா, வர மனசில்லன்னா சொல்லு" என்று போனை வைத்துவிட்டான். முகத்தில் வந்த எந்தக் கட்டியும் இவ்வளவு வலிக்கவில்லை.

அதே விஷயம் வீட்டுக்குள்ளும் வந்தது. சித்தி மகளுக்கு தை மாதம் கல்யாணம். நவம்பரில் எனக்க முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரெண்டு அட்டை தா, கல்யாணத்துக்குள்ள போவட்டும்" என்று கேட்டாள். அவளுக்கு இருந்தது தாடையில் நாலு பரு. சித்தியும் "குடுத்தா என்னலே, பைசா நான் தாறேன்" என்றாள். எதற்காகவும் கொடுக்கமாட்டேன் என்றேன். இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது கர்ப்பமானால் பிள்ளையின் முகம், இருதயம், மூளை எல்லாம் ஊனமாக உருவாகலாம். பெண்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள், சாப்பிடும் காலம் முழுக்கவும் முடிந்து ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தையில் கல்யாணம் என்கிற பெண்ணுக்கு அண்ணன்காரன் அட்டையை நீட்டுவதா? சித்தி எனக்குக் கருமித்தனம் என்று ஊரெல்லாம் சொன்னாள். சொல்லட்டும். தங்கச்சியை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன், வெறும் பூசுகிற மருந்திலேயே குறைந்தது.

சரி, பலன். நாலாம் மாதம் புதிய கட்டி வருவது நின்றது. ஆறாம் மாதம் முதுகு சுத்தம். தலைமுடியில்கூட எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, மூன்று நாள் குளிக்காதவன் மாதிரி இருந்த தலை இப்போது பஞ்சு. ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நாலரை கொடுப்பேன். அரை, உதட்டுக்காகப் பிடித்தது. ஆனால் குழிகள் அப்படியேதான் இருக்கின்றன. விழுந்த குழியை இந்த மருந்து நிரப்பாது, அதற்கு வேறு வைத்தியம், வேறு செலவு. சிலருக்குப் பரு திரும்பி வருவதும் உண்டு என்று சொல்லித்தான் அனுப்பினார்.

செலவு: பத்துக் குளிகை உள்ள அட்டை 170 வீதம் 38 அட்டை, 6,500க்குப் பக்கம். டாக்டருக்கு ஆறு தடவை 300. ரத்தப் பரிசோதனை மூன்று தடவை 800. சன்ஸ்கிரீன், களிம்பு, கண் சொட்டு எல்லாம் சேர்த்து 2,500. மொத்தம் 13,000 தாண்டியது. ஜனவரி வெயிலில் பால் சேர்க்கும்போது அரைமணியில் கன்னம் சிவந்துவிடும், சன்ஸ்கிரீனில் கஞ்சம் பிடிக்க வேண்டாம்.

அப்பா இதற்கெல்லாம் ஒன்றும் சொன்னதில்லை. அவர் முகத்திலும் அதே குழிகள். இந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1982ல், அப்போது அவருக்கு 17 வயது. இதைச் சொன்னபோது, "அப்ப குலசேகரத்துல அதை யாருலே கண்டா" என்று கேட்டுவிட்டு மரத்தில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, அட்டை ஒன்றுக்கு எவ்வளவு என்று கேட்டார்.

மார்ச் இரண்டாவது வாரம் ஆசாரிபள்ளத்துக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். கூட்டுக்காரனுக்கு ஃபோட்டோ அனுப்பினேன், பதில் வரவில்லை. 38 அட்டை வாங்கியதில் எட்டுக் குளிகை மிச்சம் இருந்தது. வீட்டில் வைத்தால் சித்தி வீட்டுக் கண்ணில் படும். கடைசிப் பரிசோதனைக்குப் போன அன்று அதைக் கவரில் போட்டு டாக்டரம்மாவின் மேசையில் வைத்தேன். அவர் எண்ணிப் பார்த்து, சீட்டில் எட்டு என்று எழுதிக்கொண்டார்.