பீட்டா லாக்டோகுளோபுலின், ஒரு கிராம் பாட்டில்: ஏழு மாதம் பயன்படுத்திய பிறகு

இந்தப் பால் புரதப் பவுடர் லேபுக்கு வந்து சேர்ந்த விதம் சரியில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப் பூட்டிய பிறகு கூரியர்காரர் பெட்டியை வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திங்கள் காலை பிரித்தால் ஐஸ் பேக் முழுக்கத் தண்ணீர். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி லேபிள் ஒட்டிய பாட்டில், மே மாத வெக்கையில் இரண்டு நாள் கிடந்திருக்கிறது. விநியோகஸ்தரைக் கூப்பிட்டேன். "ட்ரை பவுடர்தானே மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார். அதை நானே சோதித்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பால் திரிந்து கட்டி ஒதுங்கியதும் இளம்பச்சையாக ஒரு தண்ணீர் நிற்குமே, பசும்பாலில் அந்தத் தண்ணீரில் அதிகமாக இருக்கும் புரதம் இதுதான். லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 3 கிராம். தாய்ப்பாலில் இது கிடையாது. 162 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். நடுவில் குடுவை மாதிரி ஒரு குழி. அந்தக் குழியில் வைட்டமின் ஏ எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்பதை ஒளிர்வை வைத்து அளப்பது என் வேலை. புரதம் கொஞ்சம் கெட்டிருந்தாலும் அந்த எண்ணை நம்ப முடியாது.

முதலில் 10 மில்லிகிராம் எடுத்து 10 மில்லி பஃபரில் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசல்) கரைத்தேன். 280 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால் 0.96 வர வேண்டும், 0.89 வந்தது. அதாவது எடையில் 93 சதவீதம்தான் புரதம், மிச்சம் ஈரமும் உப்பும். இதைக் குறையாக நான் சொல்லவில்லை. லேபிளில் இருக்கும் "90 சதவீதத்துக்கு மேல்" என்பது ஜெல்லில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) மற்றப் புரதங்களோடு ஒப்பிட்ட தூய்மை, எடைக் கணக்கு வேறு. தராசு காட்டியதை அப்படியே செறிவு என்று எழுதிக்கொள்ளும் ஜூனியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஜெல்லில் இந்தப் புரதத்தின் மூலக்கூறு எடையான 18 கிலோடால்டனுக்கு நேராக ஒரே கறுத்த பட்டை. அளவுக்கு மீறி ஏற்றியபோதுதான் 14-க்குப் பக்கத்தில் ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற இன்னொரு பால் புரதம் நிழல் மாதிரித் தெரிந்தது. திருப்தி.

எனக்கு முக்கியம் அடுத்த சோதனை. இந்தப் புரதத்தில் சிஸ்டைன் என்ற கந்தக அமினோ அமிலம் ஐந்து. நான்கு ஜோடி சேர்ந்துவிடும், 121-ஆவது இடத்தில் இருப்பது மட்டும் தனியாக, உள்ளே மறைந்து நிற்கும். சூடோ ஈரமோ பட்டால் முதலில் அடி வாங்குவது அதுதான். எஸ்டிஎஸ் என்ற சோப்பு மாதிரிப் பொருளைக் கலந்து புரதத்தை விரித்துவிட்டு, தனி சிஸ்டைன் பட்டால் மஞ்சளாகும் எல்மன் ரீஏஜென்ட் விட்டேன். அளக்கும் சிறு குப்பியில் மஞ்சள் உடனே ஏறியது. கணக்குப் போட்டால் மூலக்கூறுக்கு 0.87 தனி சிஸ்டைன். முழுசாக 1 இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன், ஆனால் இது நல்ல எண். ஃப்ரிட்ஜில் ஒரு வருஷமாகத் திறந்து திறந்து மூடிய பழைய பாட்டிலில் 0.6 தான் வந்தது. இரண்டு நாள் வெக்கையைவிட நம் கைப்பழக்கம்தான் இதை அதிகம் கெடுக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். அரை மணி நேரம் மேஜையில் வைத்து அறைச்சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். இல்லாவிட்டால் பவுடர்மேல் வியர்க்கும்.

கரைப்பதற்கும் பொறுமை வேண்டும். பஞ்சு மாதிரி லேசான பவுடர், ஸ்பாச்சுலாவில் ஒட்டிக்கொண்டு விழ மறுக்கும். தண்ணீர்மேல் தூவிவிட்டு அப்படியே விடுங்கள், பத்து நிமிஷத்தில் தானாக இறங்கும். வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் வைத்தால் நுரைதான் மிச்சம். லேபில் பால் அலர்ஜி உள்ளவர் யாராவது இருந்தால் எடை போடும்போது அவர் பக்கத்தில் இருக்க வேண்டாம். பசும்பால் அலர்ஜியைத் தூண்டும் முக்கியமான புரதங்களில் இதுவும் ஒன்று.

ஒரே குறை: இது ஏ, பி என்ற இரண்டு வகைகளின் கலவை. 64, 118 ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் வேறுபாடு, எடையில் 86 டால்டன். என் வேலைக்கு இது தொந்தரவில்லை. மூலக்கூறு எடை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் போடப்போகிறவர்கள் பிரித்த ஏ வகையையே வாங்குங்கள். கலவையில் இரண்டு சிகரம் வரும், பால் சர்க்கரை ஒட்டியிருந்தால் 324 டால்டன் தள்ளி இன்னும் இரண்டு வரும், தலை சுற்றும்.

விலை அதிகம்தான். ஒரு கிராம் காசுக்கு ஜிம்மில் குடிக்கும் வே (whey) புரதப் பவுடர் டப்பா சில வாங்கிவிடலாம். நாமே எடுத்தால் என்ன என்று ஒருமுறை முயன்றேன். காய்ச்சிய பால் ஆகாது, சூட்டில் இந்தப் புரதம் கேசீனோடு (பால் திரியும்போது கட்டியாகும் புரதம்) ஒட்டிக்கொண்டு கட்டியோடு போய்விடும். அதனால் கறந்த பால் வாங்கி, பிஹெச் 4.6-க்கு இறக்கிக் கேசீனை வடிகட்டி, தெளிந்த தண்ணீரைப் புரதங்களைப் பிரிக்கும் குழாயில் (column) ஏற்றினேன். நான்கு நாள் போனது. கிடைத்தது நல்ல புரதம்தான், ஆனால் அடுத்த முறை பால் வேறு, எண் வேறு. ஒரே லாட்டில் (ஒரே தடவை தயாரித்த தொகுதி) ஏழு மாதம் ஒரே மாதிரி எண் வருவதற்குத்தான் காசு கொடுக்கிறோம்.

அடுத்த பாட்டிலுக்கு ஆர்டர் போட்டாயிற்று, அதே லாட் நம்பர் கேட்டு. திங்கள்கிழமைதான் அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாட்ச்மேன் அண்ணனுக்கு என் நம்பரும் கொடுத்தாயிற்று.