கார்பனா, செனானா: பழைய தியேட்டர் கேபினில் எரிந்த இரண்டு வெளிச்சங்கள்

1914-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்தச் சாலைக்கே வெரைட்டி ஹால் ரோடு என்று பெயர் நிலைத்தது. கடைவீதித் தியேட்டர்களின் வரலாற்றை நூறு நாள் ஓடிய படங்களை வைத்தே சொல்லிப் பழகிவிட்டோம். படம் ஓட்டும் அறையான கேபினில், திரைக்கு ஒளி தர எது எரிந்தது என்பதும் அதே அளவு முக்கியம்.

முதலில் கார்பன். நடுத்தரத் திரைக்கு 7 மி.மீ. பாசிட்டிவ், 6 மி.மீ. நெகட்டிவ் என்று செம்புப் பூச்சுள்ள இரண்டு கார்பன் குச்சிகள். நுனிகளைத் தொடவிட்டு விலக்கினால் இடையில் ஆர்க் என்ற மின்சுடர் பிடிக்கும். சுமார் 40 முதல் 50 ஆம்பியர் டிசி மின்சாரம், ஏசியை டிசியாக்க ஒரு ரெக்டிபையர். பாசிட்டிவ் சீக்கிரம் தேயும் என்பதால் மோட்டார் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்படியும் ஆபரேட்டர் கண்ணை எடுக்க முடியாது. இடைவெளி கூடினால் ஒளி ஆடி அணைந்துவிடும். குறைந்தால் நெகட்டிவ் நுனியில் கரி குடைபோல விரியும். பாசிட்டிவ் நுனியில் உள்ள குழி, ஒளியைத் திரைப்பக்கம் திருப்பும் கண்ணாடியின் குவியத்தை விட்டு நகர்ந்தால் திரையில் நீலமோ பழுப்போ தட்டும். செம்புத் துளி தெறித்துக் கண்ணாடியில் புள்ளி விழும். புகை போக, விளக்குப் பெட்டியான லேம்ப் ஹவுஸுக்கு மேலே குழாய் கட்டாயம்.

ரீல் மாற்றமும் இதோடு சேர்ந்த வேலைதான். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும்; 2000 அடி ரீல் 22 நிமிடத்தில் தீரும். அதற்குள் அடுத்த மெஷினில் ஆர்க்கை ஏற்றி நிதானப்படுத்திவிட வேண்டும். திரையின் வலது மேல்மூலையில் முதல் புள்ளி தெரிந்ததும் அடுத்த மெஷினின் மோட்டாரை ஓட்ட வேண்டும், இரண்டாவது புள்ளியில் ஷட்டரை மாற்றி ஒளியை அதற்குக் கொடுக்க வேண்டும். ஒரே மெஷின் வைத்திருந்த டூரிங் கொட்டகையில் அத்தனை இடைவேளை விட்டதும் இதனால்தான்.

1950களில் ஜெர்மனியில் வந்த, செனான் வாயு அடைத்த பல்பு இந்தக் காவலை ஒழித்தது. ஏற்றிவிட்டால் ஒளி ஆடாது, நிறம் மாறாது, குச்சி மாற்ற வேண்டாம். ஆனால் அதற்கென்று சில கண்டிப்புகள் உண்டு. குளிர்ந்த நிலையிலேயே உள்ளே பல வளிமண்டல அழுத்தம்; எரியும்போது இன்னும் ஏறும். முகக்கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் பல்பைத் தொடக்கூடாது. பல்பின் குவார்ட்ஸ் கூட்டில் விரல் ரேகை பட்டால் அந்த இடம் சூடேறிக் கெடும். ஆல்கஹாலால் துடைத்துவிட்டே ஏற்ற வேண்டும். பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றிக் கொடுத்தால் சில நொடிகளில் பல்பு போச்சு. ரெக்டிபையரில் ஒரு டையோடு போய் மின்சாரம் அலையடித்தாலும் ஆயுள் குறையும். கருத்துப்போன பல்பை இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்று விட்டால் வெடிக்கும். கூடவே ரிப்ளெக்டர் கண்ணாடியும் தூளாகும், நட்டம் பல்பு விலையோடு நிற்காது.

செனானுக்கு மாறத் தயங்கிய சின்ன ஊர் முதலாளிகளைக் கஞ்சர்கள் என்று சொல்வது நியாயமில்லை. கரண்ட் போனால் கார்பனுக்கு ஒன்றும் ஆகாது. ஜெனரேட்டர் ஓடியதும் குச்சிகளைத் தொடவிட்டால் மறுபடி எரியும். செனானில் பல்பைக் குளிர்விக்கும் ப்ளோயர் நின்றுபோகும், சூடு பல்பின் முனைகளைத் தின்னும். ஒவ்வொரு முறை ஏற்றுவதும் ஆயுளில் கொஞ்சத்தைக் குறைக்கும். தினம் நாலு தடவை மின்வெட்டு வரும் ஊரில் கார்பனே புத்திசாலித்தனமான தேர்வு. மின்சாரம் சீரான ஊரில் செனானுக்கு நிகர் இல்லை. ஒரே ஆள் இரண்டு மெஷினையும் பதறாமல் பார்த்துக்கொள்வார்.

டிஜிட்டல் வந்தபோது பிலிம் போனது. ஆனால் அந்தப் ப்ரொஜெக்டர்களிலும் பெரும்பாலும் செனான்தான் எரிந்தது. லேசர் பின்னால் வந்தது.

பழைய கேபினைக் காட்சிப்பொருளாக்க நினைப்பவர்கள் கார்பன் லேம்ப் ஹவுஸைக் கண்ணாடியோடு அப்படியே வைக்கலாம். செனான் என்றால் முதல் வேலை பல்பை முறைப்படி கழற்றி அகற்றுவது. எரியாமல் கிடந்தாலும் அழுத்தம் உள்ளேயேதான் இருக்கிறது.