நுரையீரல் ஆபரேஷனுக்கு அப்பறம் அப்பாவ எந்திரிச்சு நடக்க வெச்ச பிசியோ சென்டர்: 3 மாச அனுபவம்

எங்கப்பாவுக்கு 67 வயசுங்க. கவுந்தப்பாடி பக்கம் தோட்டம், மஞ்சளும் கரும்பும். போன ஐப்பசில வலது பக்க நுரையீரல்ல மேல் பாகத்த எடுத்துட்டாங்க, கேன்சர், ஆனா ஆரம்ப ஸ்டேஜ்லயே கண்டுபிடிச்சாச்சு. வலது பக்கம் மூணு பாகம் இருக்குமாம், அதுல ஒண்ணு போச்சு. கேமரா விட்டு சின்ன ஓட்டை வழியா பண்ணுனதால தழும்பு கூட பெருசா இல்ல, ஆறாவது நாள் வீட்டுக்கு தாட்டிவிட்டாங்க. கோபில இருக்கற இந்த பிசியோ சென்டருக்கு நாங்க போனது அதுக்கப்பறம் ஒரு மாசம் கழிச்சுத்தான். அந்த ஒரு மாசத்த நெனச்சா இப்பவும் வெசனமா இருக்குது, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

வீட்டுக்கு வந்தப்ப எல்லாருமே புண்ணத்தான் பாத்தோம். புண்ணு ஆறிடுச்சு, எக்ஸ்ரே நல்லாருக்குது, செக்கப்ல டாக்டரும் எல்லாம் சரியா இருக்குதுன்னுட்டாரு. ஆனா அப்பா திண்ணைல கயித்துக்கட்டில்ல படுத்தா எந்திரிக்க முடியல. அந்தக் கட்டில் நடுவுல குழிவா இருக்குமில்லீங்களா, ரெண்டு கையாலயும் சட்டத்த புடிச்சு ஒரு ஆட்டு ஆட்டி, முடியாம மறுபடி உள்ள விழுந்து, அப்பறம் என்னைய பாக்காம மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குவாரு. மூச்சு வாங்குதுன்னு நாங்க நெனச்சோம், நுரையீரல் ஒரு பாகம் போயிருச்சே, அப்படித்தான் இருக்கும்னு. ஒரு நாள் குளிக்க வெக்கறப்ப பாத்தா அரணாக்கயிறு இடுப்புல நிக்காம தொடைக்கு எறங்குது. தொடை ரெண்டும் சூம்பிப்போய் முட்டி மட்டும் பெருசா தெரியுது. எடை மெஷின்ல பாத்தா 3 கிலோதான் கொறைஞ்சிருந்துது, அதனால யாருமே கண்டுக்கல.

இங்க மொதல் நாள் போனப்ப எந்த மெஷின்லயும் படுக்க வெக்கலீங்க. பிசியோ தம்பி முக்கா மணி நேரம் அளந்துட்டே இருந்தாரு. கைல புடிச்சு அமுக்கற ஒரு மீட்டர் குடுத்து மூணு மூணு தடவ அமுக்கச் சொன்னாரு, எச்சா வந்ததே 21 கிலோதான். நம்ம ஆசியாக்காரங்களுக்கு ஆம்பளைன்னா 28, பொம்பளைன்னா 18க்கு கீழ போனா தசை பலவீனம்னு கணக்காம். டேப் வெச்சு கெண்டைக்கால சுத்தி அளந்தா 31 செமீ, ஆம்பளைக்கு 34 வேணும். கைய மார்ல கட்டிட்டு சேர்ல இருந்து அஞ்சு தடவ எந்திரிச்சு உக்காரச் சொன்னாரு, 12 செகண்டுக்குள்ள முடிக்கணும், அப்பாவுக்கு 19 ஆச்சு. நாலாவது தடவ எந்திரிக்கறப்ப தொடை கிடுகிடுன்னு ஆடுனத நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அப்பறம் வராண்டால 6 நிமிஷம் நடக்க விட்டு எத்தன மீட்டர்னு எழுதிக்கிட்டாரு, வெரல்ல ஆக்சிஜன் பாக்கற கிளிப்போட.

"ஏனுங்கய்யா, உங்க நுரையீரல் நல்லாத்தான் வேலை செய்யுது, அத தூக்கிட்டு நடக்கத்தான் காலு இல்ல" அப்படின்னாரு. இப்படி தசை கரைஞ்சு பலம் போறதுக்கு சார்கோபீனியான்னு பேரு. வயசுனால கொஞ்சம், கேன்சரே ஒடம்புக்குள்ள அழற்சிய கெளப்பி தசைய கரைக்கறது கொஞ்சம், ஆபரேஷன், பசியின்மை, படுத்தே கெடக்கறதுன்னு எல்லாம் ஒண்ணு சேந்துக்கும். தொப்பை அப்படியே இருக்கும், அதனால மெஷின்ல எடை தெரியாது, உள்ள தசை மட்டும் போயிருக்கும். நுரையீரல் கேன்சர் ஆபரேஷனுக்கு போறவங்கள்ல தசை கம்மியா இருக்கறவங்களுக்கு நிமோனியா மாதிரி சிக்கல் எச்சா வருது, ஆஸ்பத்திரில எச்சா நாள் இருக்க வேண்டியிருக்குது, பொழைச்சிருக்கற வருஷமும் கொறையுதுன்னு பல ஆராய்ச்சில பாத்திருக்காங்கன்னு சொன்னாரு. காரணம் கேட்டேன். சளிய இருமி வெளிய தள்றதே தசைதானுங்க, நெஞ்சுக்கூட்டு தசையும் வயித்து தசையும் சேந்து தள்ளணும், அதுக்கு பலமில்லேன்னா சளி உள்ளயே தங்கி சீக்கு புடிக்கும். சாப்பாடு பத்தலேன்னா புண்ணு ஆறவும் ஒடம்பு புரதத்த தசைல இருந்து எடுக்குது, கையிருப்பு இல்லேன்னா எங்க இருந்து எடுக்கும்.

எனக்கு நெம்ப ஆத்தாமையா இருந்தது இதுதான்: ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த பெட் சிடி ஸ்கேன்லயே (கேன்சர் எங்கெங்க பரவியிருக்குதுன்னு பாக்கற ஸ்கேன்) இடுப்புக்கு மேல மூணாவது முதுகெலும்பு எடத்துல தசை எவ்வளவு இருக்குதுன்னு அளக்க முடியுமாம். அப்ப அந்தப் படம் எங்க பீரோலயே இருந்திருக்குது! ஆபரேஷன் பண்ணுன எடத்துல (பேரு வேண்டாம், டாக்டருங்க கை நல்ல கை, அதுல கொறை சொல்ல மாட்டேன்) டிஸ்சார்ஜ் ஃபைல் அவ்வளவு தடிமனா குடுத்தாங்க, அதுல தசையப் பத்தி ஒரு வரி இல்ல. சாப்பாட்டுக்கு இட்லி, கஞ்சி, ரசஞ்சோறு, நல்லா ரெஸ்ட் எடுங்க, இவ்வளவுதான் எழுதியிருந்துது. நாங்களும் அதையே செஞ்சோம். ஒறம்பரை வந்தவங்கல்லாம் ரொட்டியும் ஹார்லிக்ஸும் குடுத்துட்டு, அசையாதீங்க மச்சா, படுங்கன்னு சொல்லிட்டு சித்த நேரம் பழமை பேசிட்டுப் போனாங்க. பாசத்துலதான் சொன்னாங்க, ஆனா ஒரு மாசம் முச்சூடும் அப்பா படுத்தே கெடந்தாரு.

பயிற்சின்னு பாத்தா பெருசா ஒண்ணுமில்ல, ஆனா ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் ஏத்துவாங்க, அதுதான் விஷயம். மொதல்ல உயரமான சேர்ல இருந்து எந்திரிக்கறது, அப்பறம் சாதாரண சேர், அப்பறம் முக்காலி. கணுக்கால்ல மணல் பை கட்டி கால நீட்டறது அரை கிலோல ஆரம்பிச்சு 2 கிலோ வரைக்கும் போச்சு. ஆபரேஷன் பண்ணுன பக்கத்து தோளு வலிக்கு பயந்து அப்பா கைய ஒடம்போட ஒட்டியே வெச்சிருந்தாரு, அதுக்கு ரப்பர் பேண்டு. மூணு பந்து ஊதற டப்பாவ இத்தன நாளும் நாங்க ஊதித்தான் இருந்தோம், அத இழுக்கணுமாம், ஊதக்கூடாதாம், இதக் கூட யாரும் ஒழுங்கா காட்டித் தரல. தலகாணிய நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுட்டு இருமறதும் இங்கதான் கத்துக்கிட்டாரு. வாரம் மூணு நாள் சென்டர், மத்த நாள் வீட்ல, நோட்டுல டிக் அடிச்சுட்டு போகணும், அடிக்காம போனா தம்பி மொகம் வாடிடும்.

சாப்பாட்டுக்கு தனியா ஒரு அம்மா இருக்காங்க. புரதப் பவுடர் டப்பா எதையும் விக்கல, அதுக்கே கையெடுத்துக் கும்புடலாம். கேன்சர் பேஷண்டுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2ல இருந்து 1.5 கிராம் புரதம்னு கணக்குப் போட்டாங்க, அப்பாவுக்கு 63 கிலோ, அப்ப 75ல இருந்து 95 கிராம். நாங்க குடுத்துட்டு இருந்தது அதுல பாதி கூட வராது. ஒரு முட்டைல 6 கிராம்தான், அதனால காலைல ரெண்டு முட்டை, அரிசிம்பருப்பு சோத்துல பருப்ப எச்சா போட்டு, கொள்ளுப் பருப்பு கடைஞ்சு, சாங்காலம் ஒரு கை வறுத்த கடலை, ராத்திரி பால், வாரம் மூணு நாள் நாட்டுக்கோழியோ மீனோன்னு எங்க வீட்டு சமையலுக்குள்ளயே பிரிச்சு எழுதிக் குடுத்தாங்க. ஒரே நேரத்துல திணிக்காம மூணு வேளைக்கும் பிரிக்கணும்னாங்க. கிட்னி கோளாறு இருந்தா டாக்டரக் கேட்டுட்டுத்தான்னு மொதல்லயே ரத்த ரிப்போர்ட்ட வாங்கிப் பாத்தாங்க.

12 வாரம் கழிச்சு மறுபடி அளந்தாங்க. கைப்பிடி 25, சேர் 13 செகண்டு, கெண்டைக்கால் 32. இன்னும் முழுசா வரலீங்க, 28 தொடல. ஆனா கயித்துக்கட்டில்ல இருந்து சட்டத்த புடிக்காம எந்திரிக்கறாரு, வாய்க்கா மேட்டு வரைக்கும் போய் தண்ணி பாஞ்சிருச்சான்னு பாத்துட்டு வர்றாரு. இதனால ஆயுசு கூடுங்களான்னு நான் தம்பிகிட்ட கேட்டேன். "அத நான் சொல்ல மாட்டேங்க அக்கா, நடை கூடும், கால் பலம் கூடும், மூச்சு வாங்கறது கொறையும், அதுக்குத்தான் நான் பொறுப்பு"ன்னாரு. இப்படி சொன்னதாலயே எனக்கு இந்த எடத்து மேல நம்பிக்கை.

அஞ்சுக்கு நாலு ஸ்டார்தான் போட்டிருக்கேன், காரணம் படிக்கட்டு. மொதல் மாடி, லிஃப்ட் கெடையாது, செங்குத்தா 18 படி. நுரையீரல் ஆபரேஷன் பண்ணுனவங்களும் பக்கவாதம் வந்தவங்களும் வர்ற எடத்த மாடில வெக்கலாங்களா? மொத வாரம் அப்பா நடுவுல ரெண்டு தடவ உக்காந்து உக்காந்துதான் ஏறுனாரு, கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. கீழ ஒரு ரூம் எடுங்கன்னு நேர்லயும் சொல்லிட்டேன், இங்கயும் எழுதறேன். ஒரு தடவைக்கு 400 ரூவா, 12 தடவைக்கு சேத்துக் கட்டுனா 4200, எங்க இன்சூரன்ஸ்ல இது வரல. வீட்டுக்கு வர்றதுக்கு 600, அதுவும் 10 கிலோமீட்டருக்குள்ள இருந்தாத்தான்.

நாங்க போயிட்டு இருந்தப்ப அந்தியூர்ல இருந்து ஒருத்தர் வந்தாரு, அவருக்கு இன்னும் ஆபரேஷனே ஆகல, தேதிக்கு மூணு வாரம் இருந்துது. அந்த மூணு வாரமும் இங்க நடந்து, மூச்சு இழுத்து, கால் பயிற்சி செஞ்சுட்டுப் போனாரு. முன்னாடியே செஞ்சுட்டுப் போனா அப்பறம் நுரையீரல் சிக்கல் கொறையுதாம். எங்களுக்கு யாராச்சும் இத சொல்லியிருந்தா ஓடி வந்திருப்போம். உங்க வீட்ல யாருக்காச்சும் தேதி குறிச்சிருந்தா கைப்பிடியும் கெண்டைக்காலும் அளந்து பாருங்கன்னு டாக்டர்கிட்ட வாயத் தொறந்து கேளுங்க, பீடி சிகரெட் இருந்தா அன்னைக்கே நிறுத்த வையுங்க.

ஞாயித்துக்கெழம லீவு, மத்த நாள் மதியம் 1ல இருந்து 4 வரைக்கும் பூட்டியிருக்கும். ஸ்கேன் சிடியையும் டிஸ்சார்ஜ் ஃபைலையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க. படி ஏற முடியாதவங்கன்னா கீழ நின்னுட்டு போன் பண்ணுங்க, தம்பியே எறங்கி வந்து கூட்டிட்டுப் போவாரு.